ஏழுல ரெண்டு

பேனா இருக்குதுங்களா தம்பி? சட்டைப் பையில குத்தியிருக்கீங்களே, அது எழுதுமுங்களா? எனக்கில்லீங்க. நீங்கதான் எழுதோணும். ஒரே ஒரு கணக்கு, ரெண்டு வரி. எழுதிக் கீழ உங்க பேரும் படிப்பும் போட்டுக் குடுத்தீங்கன்னா இந்தச் சென்மத்துக்கு மறக்க மாட்டேன்.

அவசரமில்லீங்க, பஸ் உடுமலை போக இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அவசரந்தானுங்க. நான் போயி எங்கூட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு மூணு மணிக்குள்ள திரும்பவும் தாராபுரம் பத்திர ஆபீசுல நிக்கோணும். என்ன பேசறேன்னு எனக்கே தெரியலைங்க. நாலு நாளாச் சோறு எறங்கலை. எதுத்தாப்பல வர்றவங்க மூஞ்சியெல்லாம் படிச்ச மூஞ்சியா, படிக்காத மூஞ்சியான்னு பாத்துக்கிட்டே திரியறேன். உங்களுது படிச்ச மூஞ்சிங்க.

கணக்கு இதுதான். மூணுல ஒண்ணு. அதோட நாலுல ஒண்ணு. ரெண்டையும் கூட்டினா ஏழுல ரெண்டு. இதைச் சரின்னு எழுதிக் குடுக்கோணும். அவ்வளவுதானுங்க.

இருங்க இருங்க, உடனே எழுதிடாதீங்க. என்ன ஏதுன்னு கேட்டுட்டு எழுதுங்க. பாதி கேட்டுட்டு எழுதறவங்களாலதான் நான் பாதி நாசமாப் போனேன்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. தாராபுரத்துக்குத் தெக்க ஊஞ்சக்காடு. ஊருக்குள்ள வந்து மனு எழுதற நாச்சிமுத்துன்னு கேட்டா நாய்கூட வழி காட்டும். ரேசன் கார்டுல பேரு தப்பா, கரண்டுக் கம்பம் சாஞ்சிருச்சா, முதியோர் பென்சன் வரலையா, எல்லாத்துக்கும் என்ற கையெழுத்துதான். அனுப்புநர், பெறுநர், பொருள். இந்த மூணும் ஒழுங்கா அமைஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரிங்க. கலெக்டரே ஒருக்கா என்ற எழுத்தப் பாத்துட்டு ஆரு எழுதினதுன்னு கேட்டாருன்னு சொல்லிக்கிட்டாங்க. பத்தாவது வரைக்கும் போனவன் எங்க தலைமுறையில நான் ஒருத்தன்தான். பாஸா பெயிலான்னு கேக்காதீங்க, அது வேற கதை.

இந்தக் கணக்கே ஒரு கெணத்தால வந்ததுங்க, அதுக்கு வர்றேன். அப்பாரு காலத்துல மூணு குடும்பம் சேந்து வெட்டின கெணறு. மூணுல ஒரு பங்கு எங்களுது. கால் பங்கு என்ற மாமனாருது. மீதி எங்க சித்தப்பா வீட்டுது. மாமனாருக்கு ரெண்டும் பொம்பளைப் புள்ளைங்க. மூத்தவளை உடுமலையில குடுத்தாங்க, எளையவ வேலாத்தாளை எனக்கு. கெணத்துக்குக் கீழ்புறம் அறுபத்திரண்டு தென்னையோட ஒரு தோட்டமும் கால் பங்குத் தண்ணியும் அவ பேருக்கு வந்துது. அன்னைக்கு ஊரே சொல்லுச்சுங்க, நாச்சிமுத்துக்கு மூணுல ஒண்ணு இருந்துது, இப்பக் காலும் கூட வந்துருச்சுன்னு.

தண்ணி எப்படிப் பிரிக்கறதுன்னா, முறை வெச்சுங்க. பன்னெண்டு நாள் முறை. எங்களுக்கு நாலு நாளு, மாமனார் வீட்டுக்கு மூணு நாளு, சித்தப்பா வீட்டுக்கு அஞ்சு நாளு. பன்னெண்டு முடிஞ்சா மறுபடியும் முதல்லேருந்து. ஆரு வெச்சாங்க, எதுக்குப் பன்னெண்டுன்னு ஆருக்கும் தெரியாதுங்க. கிழமைக்கும் சேராது, தேதிக்கும் சேராது. படிக்காத சனங்க என்னமோ ஒண்ணு வெச்சுட்டுப் போயிட்டாங்க. வேலாத்தாதான் அதையெல்லாம் வெரல்ல எண்ணிக்கிட்டு இருப்பா. தண்ணி கட்டறது பூராவும் அவதான். நான் மம்பட்டி பிடிச்சா மனு ஆரு எழுதறதுங்க?

என்னங்க? எழுதலாமுங்களா? இருங்க, இன்னும் வரலை.

போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில சித்தப்பா தவறிட்டாரு. பதினாறு நாளு மோட்டாரை நிறுத்தி வெச்சிருந்தோம். காரியம் முடிஞ்சு மறுபடி போடறப்ப முறை எங்க நின்னுதுன்னு சண்டை வந்துருச்சுங்க. வேலாத்தா, அவளோட மூணாவது நாள்ல நின்னுதுங்கறா. சித்தப்பா பையன் தெய்வசிகாமணி, இல்லீங்கண்ணி, எங்களுக்கு ரெண்டு ஆயிருச்சுங்கறான். ஆம்பளைங்க ஆறேழு பேரு கூடிட்டாங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அப்பத்தான் நான் எந்திரிச்சேன்.

"இந்தப் பன்னெண்டு எழவெல்லாம் இனி வேண்டாம். ஊரு உலகமெல்லாம் வாரக் கணக்குல போயிட்டிருக்குது. வார முறை வெச்சுக்கலாம்"ன்னேன்.

"அதை எப்படிங்கண்ணா பிரிக்கறது?"ன்னு கேட்டான் தெய்வசிகாமணி.

அதுதானுங்க கேள்வி. அதுக்குத்தான் படிப்பு. மோட்டார் ரூம் செவுத்துல சாக்பீஸ் எடுத்துப் போட்டேன். மேல இருக்கறது தொகுதி, கீழ இருக்கறது பகுதி. தொகுதின்னா எலக்சன் தொகுதி இல்லடான்னு ஒரு சிரிப்பும் காட்டிட்டு, மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு, மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ மூணும் நாலும் ஏழு. ஏழுல ரெண்டு! வாரத்துக்கு எத்தனை நாளுங்க? ஏழு! பாத்தீங்களா, எப்படி வந்து உக்காந்துதுன்னு? எனக்கே புல்லரிச்சுப் போச்சுங்க. எனக்கும் என்ற பொண்டாட்டிக்கும் சேத்து வாரத்துல ரெண்டு நாளு. மீதி எவ்வளவோ அது அவனுக்கு.

தெய்வசிகாமணி ரொம்ப நேரம் செவுத்தையே பாத்துக்கிட்டு நின்னானுங்க. அவன் பிளஸ்டூ பாஸான பையன். அப்பறம் சொன்னான், "அண்ணா கணக்குச் சொன்னா அதுக்கு மறு பேச்சு ஏதுங்கண்ணா. மீதி போதும் எனக்கு"ன்னு. நல்ல மனசுங்க அவனுக்கு. இதைக் கேளுங்க, பழைய முறையில அவனுக்கு அஞ்சு நாளு. புது முறையிலயும் அஞ்சு நாளுதான். ஒரு நாளு கூட்டிக்கலை! இந்தக் காலத்துல ஆரு இருக்கறா அப்படி? அன்னையிலிருந்து என்னைக் கண்டா வண்டிய நிறுத்திட்டுத்தான் பேசுவான்.

அவதான் ஒத்துக்கலை. வேலாத்தா. அத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல, முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, "ஏனுங்க, உங்க பங்கோட என்ற காலும் சேந்துதுன்னா கூடத்தானுங்க ஆகோணும்? என்ற கால் எங்கீங்க போச்சு?"ன்னு கேட்டா.

நான் சும்மா இருந்திருக்கலாமுங்க. ஆனா எல்லாரும் என்னையவே பாக்கறாங்க, சாக்பீஸ் வேற கையில இருக்குது. "உன்ற கால் உன்கிட்டத்தான இருக்குது? ஒண்ணுக்கு ரெண்டா இருக்குதே, குனிஞ்சு பாரு"ன்னேன். ஆம்பளைங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க. தெய்வசிகாமணி துண்டை வாயில வெச்சுக்கிட்டான்.

அவ குனிஞ்சு பாத்தாளுங்க. நெசமாவே பாத்தா. அப்பறம் வரப்பு மேல போயிட்டா.

அந்த வருசம் நல்ல மழைங்க. கெணறு கரை தொட்டு நின்னுது, ரெண்டு நாளா ஏழு நாளான்னு ஆருக்குக் கவலை? அதனால அவளும் கேக்கலை, நானும் சொல்லலை. இந்தத் தையிலிருந்துதான் ஆரம்பிச்சுது. மழை பொய்ச்சுப் போச்சு. ஞாயிறும் திங்களும் எங்க முறை. அந்த ரெண்டு நாள்ல என்ற காட்டுக்குக் கட்டினா அவ தோட்டத்துக்கு எட்டாது. அவ தோட்டத்துக்குக் கட்டினா என்ற வெங்காயம் காயும். மூணாம் நாளு விடியறப்ப தெய்வசிகாமணி ஆளு வந்து பைப்பைத் திருப்பிருவான். முறை முறைதானுங்க, ஒண்ணும் சொல்ல முடியாது.

மாசியில குரும்பை கொட்ட ஆரம்பிச்சுதுங்க. எலுமிச்சங்கா அளவுக்குப் பிஞ்சு, காலையில போயிப் பாத்தா மரத்தடியெல்லாம் கெடக்கும். பங்குனியில மட்டை தொங்கிருச்சு. சித்திரையில குருத்து சாஞ்சுது. தென்னை குருத்து சாஞ்சு பாத்திருக்கீங்களா தம்பி? கழுத்து ஒடிஞ்ச மாதிரி நிக்குமுங்க. பதினொரு மரம் போச்சு. அப்பறம் மொத்தம் பத்தொம்பதாச்சு. இன்னைக்குக் காலையில எண்ணிட்டு வர்றேன், இருபத்தாறு. வேலாத்தா கொடத்துல தண்ணி சுமந்து ஊத்தினா. தென்னைக்குக் கொடத்துல ஊத்தி எப்பங்க ஆகறது? தோள்பட்டை காச்சுப் போச்சு அவளுக்கு. நான் கெணத்தைத் திட்டினேன், மழையத் திட்டினேன், அவளையும் திட்டினேன். தண்ணி கட்டத் தெரியலை உனக்கு, வாய்க்கால்ல பாதி விட்டுடறயேன்னு. பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா வந்துட்டு இருந்தது, இப்ப வாரா வாரம் வருதேடி, அப்பறம் எப்படிக் கொறையும்னு கேட்டேன். நாயம்தானுங்க?

ஒரு நாளு சாயங்காலம் நான் ஒரு மனு எழுதிக்கிட்டு இருக்கறேன். அவ மடி நெறையக் குரும்பை பொறுக்கிட்டு வந்து எனக்கு முன்னால உக்காந்தா. வரிசையாப் பன்னெண்டு குரும்பையை வெச்சா. நாலை எடுத்து, "இது உங்களுது"ன்னு தள்ளினா. மூணை எடுத்து, "இது என்றது"ன்னா. "ரெண்டும் சேந்தா ஏழு. அக்கட்ட கெடக்கறது அஞ்சு. எது பெருசுங்க?"ன்னா. அஞ்சாவது படிச்சவ, எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கறா! எனக்கு வந்துது பாருங்க கோவம். "முதல்ல பன்னெண்டு எங்கடி இருந்து வந்துது? வாரத்துக்குப் பன்னெண்டு நாளா? ஏழுதான் இருக்கோணும்"ன்னு சொல்லிட்டு அஞ்சு குரும்பையை எடுத்து வாசல்ல வீசினேன். மீதி ஏழு. அதுல ரெண்டைத் தனியா வெச்சேன். "இதுதான் நம்முளுது. ஏழுல ரெண்டு. சித்தெ கண்ணைத் தொறந்து பாரு"ன்னேன்.

அவ அந்த ரெண்டையும் பாத்தா. என்னையும் பாத்தா. "இதுல என்றது எதுங்க?"ன்னா.

ஒண்ணு உன்றது ஒண்ணு என்றதுன்னு சொல்லியிருக்கலாம். அப்பத் தோணலை. "உன்றது என்றதுன்னு பிரிக்கறயா நீ? இத்தனை வருசம் குடும்பம் நடத்தினது இதுக்குத்தானா?"ன்னு கத்திட்டேன். அடுத்த நாளு அவ அக்கா ஊட்டுக்குப் போயிட்டா. இன்னையோட பதினெட்டு நாளுங்க. போறப்ப அழுகவெல்லாம் இல்லை. சோறு ஆக்கி வெச்சு, கோழிக்குத் தீனி போட்டுட்டு, பை எடுத்துக்கிட்டுப் போனா. அழுதிருந்தா நான் தடுத்திருப்பேன்னு நெனைக்கறேன்.

இப்பத் தெய்வசிகாமணி வந்து, "வாய்ப்பேச்சா இருந்தா நாளைக்கு நம்ம புள்ளைங்க அடிச்சுக்குமுங்கண்ணா, பத்திரமாப் போட்டுரலாம்"ன்னான். சரியான பேச்சுத்தானே? வாசகம் நான்தான் எழுதினேன். என்ற கையாலயே. கெணத்துத் தண்ணியில ஏழுல ரெண்டு பாகம் மட்டுமே எங்களுக்குப் பாத்தியமுன்னு. எழுத்து முத்து முத்தா வந்துதுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன், அவன் போட்டுட்டான். கால் பங்கு அவ பேர்ல இருக்கறதுனால அவளும் நேர்ல வந்து போடோணும். போன்ல கேட்டேன். "படிச்சவங்க ஆராவது ஒருத்தர் இந்தக் கணக்கு சரின்னு எழுதிக் குடுத்து, கீழ அவிய பேரு போட்டிருந்தா வர்றேன். இல்லாட்டி வரமாட்டேன்"ன்னு வெச்சுட்டா. புருசன் பேச்சை நம்பலை பாருங்க. ஊருபேரு தெரியாத ஆளு எழுதினா நம்புவாளாம்.

அதுக்குத்தான் தம்பி. இன்னைக்குக் கையெழுத்து ஆகலைன்னா அவன் முறைய மாத்திருவேன்னு சொல்லியிருக்கான். அந்த ரெண்டு நாளும் போச்சுன்னா என்ற காடும் போச்சு, அவ மரமும் போச்சு, அவளும் இனி வரமாட்டா. ஊட்டுல அடுப்பு இருக்குது, சட்டி இருக்குது, ஒரு சத்தமில்லீங்க. என்னால முடியலை. எழுதிக் குடுத்துருங்க.

இருங்க, போன் அடிக்குது. ஆங், சொல்லு சிகாமணி. பஸ்ல தாம்ப்பா, பாதி தூரம் வந்துட்டேன். கூட்டிட்டு வந்துருவேன். பக்கத்துல ஒரு படிச்ச தம்பி கெடைச்சிருக்காரு, அவருகிட்ட எழுதி வாங்கிட்டு இருக்கறேன். இல்ல இல்ல, கணக்கைத்தான். வேண்டாமா? எதுக்கு வேண்டாம்? சரி சரி, வெய்யி.

ஆருகிட்டயும் காட்ட வேண்டாங்கறானுங்க. நம்ம ஊட்டு விசயம் வெளிய போகுமேன்னு பாக்கறான் பாவம். நீங்க எழுதுங்க.

போன்ல போடாதீங்க, அவ போனை நம்பமாட்டா. பேனாவுலயே எழுதுங்க. என்னங்க அது, புள்ளி அஞ்சு எட்டா? அரைக்கு மேலயா? போன் பழசாப் போச்சுன்னு நெனைக்கறேன். தாள்ல எழுதுங்க. இந்தாங்க, பத்திர நகலோட பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்குது.

மூணுல ஒண்ணு. ம். நாலுல ஒண்ணு. ம். நடுவுல கூட்டல். அப்பறம் ஏழுல... என்னங்க தம்பி, ஏழு மேல போட்டுட்டீங்க? அடிங்க, அடிங்க. ஏழு கீழ வரோணும். கீழ என்னது அது, பன்னெண்டா? பன்னெண்டு எங்கிருந்து வந்துது? நான் முறைநாளு சொன்னதுனால போட்டீங்களா? அது பழசுங்க, அதை விட்டாச்சு.

அதுக்காகப் போடலீங்களா?

அப்பறம்?

கீழ இருக்கறது ரெண்டும் வேற வேறயா இருந்தா கூட்டக் கூடாதா? எங்க வாத்தியார் சொல்லலையே. சொல்லியிருப்பாரு, நான் கேட்டிருக்க மாட்டேன். மூணாக் கூறு போட்ட துண்டு வேற அளவு, நாலாக் கூறு போட்ட துண்டு வேற அளவு. சரி. ரெண்டையும் ஒரே அளவாக் கூறு போடோணும். சரிங்க. மூணும் நாலும் ரெண்டுமே மிச்சமில்லாமப் போற எண்ணு. அது, அது பன்னெண்டுதானுங்களா? வேற கெடையாதுங்களா? இருபத்தினாலும் போகும், ஆனா சின்னது பன்னெண்டு. எங்க கெணத்தை நீங்க கண்ணாலகூடப் பாத்ததில்லை. நீங்க போட்டாலும் பன்னெண்டுதான் வருதுங்களா?

கோடு எதுக்குப் போடறீங்க? எண்ண வேண்டாமுங்க, தெரியும். பன்னெண்டு கோடு. மூணுல ஒண்ணுன்னா நாலு கோடு. காலுன்னா மூணு கோடு. நாலும் மூணும் ஏழு.

அவ குரும்பை அது. அவ வெச்ச மாதிரியே வெச்சிருக்கீங்க.

நான் அஞ்சை எடுத்து வாசல்ல வீசினேன் தம்பி. அக்கட்ட கெடந்த அஞ்சு அவனுதுங்க. அவனுத வீசறேன்னுட்டு எங்களுதுலிருந்து எடுத்துக் குடுத்திருக்கறேன். பன்னெண்டுல அஞ்சு வாங்கிட்டு இருந்தவனுக்கு ஏழுல அஞ்சு. ஒரு நாளு கூட்டிக்கலை, நல்ல மனசுன்னு சித்த முந்திக்கூட உங்ககிட்டச் சொன்னேனே. பன்னெண்டைச் சுருக்கி ஏழாக்கிக் குடுத்தவன் நானு, அவன் எதுக்கு நாளைக் கூட்டோணும்?

ஏழுல ரெண்டுங்கறது, தம்பி, ஒண்ணு கேக்கறேன், மூணுல ஒண்ணை விடக் கொறைச்சலுங்களா?

கொறைச்சலா.

அப்ப என்ற பங்கைக்கூட நான் வெக்கலை. அவளுது சேந்ததுல என்றதும் தேஞ்சு போச்சு. அவ கால் எங்கேன்னு கேட்டாளே, அது எங்கயுமில்லீங்க. ஒரு சொட்டுகூட இல்லை. நான் செவுத்துல எழுதினப்பவே போயிருச்சு. அவ குனிஞ்சு பாத்தாளே!

அவன் ரொம்ப நேரம் செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னான் தம்பி. ரொம்ப நேரம். பிளஸ்டூ பாஸ்.

போன் அடிக்கட்டுமுங்க, அவன்தான். எடுக்கலை. அடிச்சு நிக்கட்டும்.

உடுமலை வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா? பஸ் ஸ்டாண்டுலிருந்து அவ அக்கா ஊடு ஒரு மைலு இருக்குமுங்க. நடந்தே போயிடுவேன். போயி நிக்கறேன். கதவைத் தொறப்பா. அப்பறம் என்னங்க சொல்றது? இந்தத் தாளைக் காட்டினா, இது எனக்கு முன்னாலயே தெரியுமேன்னு சொல்லுவா. சென்மத்துக்கும் ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தவன், எனக்கு ஒரு வார்த்தை வரமாட்டேங்குது.

பேனாவை மூடாதீங்க. கண்டக்டரு விசிலு ஊதட்டும், எல்லாரும் எறங்கட்டும், ஒரு நிமிசம். அந்தக் கணக்குக்குக் கீழயே எழுதுங்க. அனுப்புநர்னு போட்டு என்ற பேரு, நாச்சிமுத்து. பெறுநர்னு போட்டு வேலாத்தாள். பக்கத்துல மனைவின்னு போட வேண்டாமுங்க, அது அவ சொல்லட்டும். அறுபத்திரண்டு தென்னையும் கால் பங்குத் தண்ணியும் உடையவர்னு போடுங்க. அப்பறம் பொருள். பொருள்னா ஒரே வரியில வரோணும். பொருள், தங்கள் காலைக் காணாமல் அடித்தது தொடர்பாக.

அதுக்கு மேல வேண்டாமுங்க. குடுங்க, கீழ நான் கையெழுத்துப் போடறேன்.